பத்து மணிக்குள் பாறவிளை

2012 ஆகஸ்ட் 6, திங்கட்கிழமை காலை ஒன்பது ஐம்பதுக்கு, பாறவிளை ஏற்றத்தின் பாதியில் லிஜாவின் சைக்கிள் செயின் அறுந்தது.

பின்கேரியரில் பதினைந்து கிலோ மீன் இருந்தது. லிஜா இறங்கி, அறுந்த செயினை ஒரு பிளாஸ்டிக் கவரில் சுருட்டிப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏறினார். மேடு ஏறி மறுபக்கம் இறங்கி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வீட்டு முற்றத்தை அடைந்தபோது மணி பத்தே கால். தலைமையாசிரியரின் மனைவி சொர்ணம்மாள் அடுக்களை வாசலில் அயிலை மீன் கழுவிக்கொண்டிருந்தார். அது லிஜா கொண்டுவந்த அயிலை அல்ல.

"செல்வதாஸ் வந்தான்," என்றார் சொர்ணம்மாள். "ஒம்பதே முக்காலுக்கு."

செல்வதாஸ் குளச்சலில் மீன் எடுத்து மொபெட்டில் கொண்டுவந்து விற்பவர். ஜூலை மாதம்தான் பாறவிளைப் பக்கம் வரத் தொடங்கியிருந்தார்.

"செயின் அறுந்து போச்சும்மா," என்றார் லிஜா.

"அவனுக்க வண்டிக்குச் செயின் இல்லியா?"

"உண்டு."

சொர்ணம்மாள் அடுத்த மீனை எடுத்தார். "பிள்ளே, உனக்க மீனு நல்ல மீனு. அதுல ஒரு குத்தமும் இல்ல. ஆனா எனக்க சாரு சுகருக்கு ஊசி போடுற ஆளு. பன்னெண்டரைக்குச் சோறு கிட்டல்லேங்கில் தல சுத்தி விழுவாரு. பத்து மணி கழிஞ்சு வாற மீன நான் எப்பக் கழுவ, எப்ப அரைக்க, எப்பக் கறி வைக்க? இந்த மாசம் முடியுற வர பாப்பேன். ஒரு நாளு பத்து தாண்டினாலும், பின்ன நீ இந்த ஏற்றம் ஏறண்டாம்."

பாறவிளையில் மீன் வாங்குகிற வீடுகள் பதினொன்று. சொர்ணம்மாள் யாரிடம் வாங்குகிறாரோ அவரிடம்தான் மற்ற வீடுகளும் வாங்குவது வழக்கம். அவர் வீட்டுக் கேட் திறக்கிற சத்தம் கேட்டபிறகுதான் மற்றவர்கள் சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வருவார்கள். ஆகவே அவர் சொன்னது பதினொரு வீடுகளுக்கும் சேர்த்துச் சொன்னது.

லிஜாவுக்கு முப்பத்தாறு வயது. தேங்காய்ப்பட்டணத்துக்காரர். மொத்தம் நாற்பத்தொரு வாடிக்கை வீடுகள். அவற்றில் முப்பது, முஞ்சிறை, புதுக்கடை வழியில் இருந்தன. பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்களின் வீடுகள், அவர்கள் பஸ் ஏறும் முன் மீனைக் கொடுத்தாக வேண்டும். பாறவிளை கடைசி. கடற்கரையிலிருந்து பதினொரு கிலோமீட்டர்.

முன்பெல்லாம் மற்ற பெண்களோடு டெம்போவில் போய்ச் சந்திப்பில் இறங்கி, ஓலைக் கூடையான கடவத்தைத் தலையில் வைத்து வீடு வீடாக நடந்தார். அப்போது அவருக்கு இருபத்தாறு வீடுகள்தான். சைக்கிள் வந்தபிறகு வீடுகள் கூடின.

சைக்கிள் தம்பி சிஜோவுடையது. வயிற்றைக் குறைப்பதற்காக மார்த்தாண்டத்தில் வாங்கிய மலைச் சைக்கிள். முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு, ஆக இருபத்தொரு கியர். முன்னே ஷாக் அப்சர்பர், இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். ஐந்து மாதம் ஓட்டினார். பிறகு தோஹாவுக்கு விசா வந்தது. வயிறு அப்படியே அவரோடு போனது, சைக்கிள் இங்கே நின்றது. லிஜா பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போனவர். ஒரு வெல்டிங் பட்டறையில் கம்பி வளைத்து இதற்குக் கேரியர் அடிக்கச் சொன்னார்.

சிஜோ போனில் அழாக்குறையாகக் கேட்டார்: "அக்கா, அதுலயா மீனு வைக்கப் போற? அது ஷாக் அப்சர்பர் உள்ள வண்டி."

"நல்லதுதானே மக்கா. மீனு குலுங்காது."

மீன் ஏலம் நடக்கிற கரையில் முதல் வாரம் பேச்சு அதுவாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டு குளோரி கைப்பிடியில் இருந்த கியர் நெம்புகோல்களைத் தட்டிப் பார்த்தார்.

"ஏட்டி, இதுல எது ஹாரன்?"

"ஹாரன் இல்ல, கியரு. இருவத்தொண்ணு உண்டு."

"உனக்க மாப்பிள சரிசெய்யுற வள்ளத்து எஞ்சினுக்கே மூணுதான். முன்னே போ, நில்லு, பின்னே போ. நீ இருவத்தொண்ணு வச்சு எங்கட்டி போகப் போற, மூணாறுக்கா?"

லிஜா போனது முஞ்சிறைக்குத்தான். எட்டு மாதம் சைக்கிள் ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை. ஒன்பதாவது மாதம் கியர் மாற மறுத்தது. ஏதாவது ஒரு கியரில் நின்றது. லிஜா அதிலேயே ஓட்டினார். அதன் பிறகு வந்ததுதான் ஆகஸ்ட் 6.

அன்று பிற்பகல் சைக்கிளை ஒரு ஆட்டோவில் ஏற்றி, மார்த்தாண்டம் சந்தைக்குப் பின்னால் இருந்த சத்தியநேசனின் சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனார். சத்தியநேசனுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்பவர், அதையும் கையில் வேலை நின்றால்தான் சொல்வார். அவர் அறுந்த செயினைக் கவரிலிருந்து எடுத்து வளைத்துப் பார்த்தார். பாதிக் கண்ணிகள் வளையவில்லை.

"அக்கா, இது எத்தன நாளு மழையில கெடந்தது?"

"மழையில எங்க கெடந்தது? ராத்திரி கட்டிலுக்க பக்கத்துலல்லா வைக்கேன்."

சத்தியநேசன் செயினை முகர்ந்தார். "சாளை மீனு மணம் அடிக்கு."

காலிப் பெட்டியைக் கேரியரில் வைக்கச் சொல்லி, அதில் ஒரு மக் தண்ணீர் ஊற்றினார். அடியிலிருந்த துளை வழியாகத் தண்ணீர் சொட்டியது. ஐஸ் உருகி, மீன் கழிவோடும் உப்போடும் ஒழுகுவதற்காக லிஜாவே போட்ட துளை அது. தண்ணீர் நேராகப் பின்சக்கரத்தின் ஏழு பல்சக்கரங்களில் விழுந்தது. அங்கிருந்து, செயினை ஒரு பல்லிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளுகிற இரும்புக் கைக்கு இறங்கியது. கையின் நுனியிலிருந்து தரையில் சொட்டியது. இருவரும் அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எட்டு மாசம் தாங்கினது பெரிய காரியம்," என்றார் சத்தியநேசன்.

முதலில் அரை மீட்டர் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வெட்டித் துளையில் பொருத்தி, நுனியைப் பின் மட்கார்டுக்கு வெளியே கொண்டுபோய்க் கட்டினார். அன்று மாற்றியவற்றில் அதிகம் பயன்பட்டது அதுதான். அது சைக்கிள் பாகம் அல்ல.

பிறகு மூன்று செயின்களை எடுத்து மேசையில் நீட்டி வைத்தார். ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளிப் பூச்சு, மூன்றாவது அதேபோல் வெள்ளிப் பூச்சுதான், ஆனால் தனி டப்பாவில் இருந்தது.

"இதுல கடலு திங்காத செயின் எது தம்பி?"

"அப்படி ஒண்ணு இதுவரைக்கும் வரல்ல. கறுப்பு வேகமா திங்கும். இது ரெண்டும் பைய திங்கும்."

"டப்பாவுல இருக்கது?"

"அதும் பையதான். டப்பா நல்லா இருக்கும்."

லிஜா டப்பா இல்லாததை எடுத்தார். செயினோடு பின்பல்லையும் மாற்ற வேண்டும் என்றார் சத்தியநேசன். தேய்ந்த பல்லில் புதுச் செயின் உட்காராது, மேட்டில் மிதிக்கும்போது நழுவும். கியர் வயர் உறைக்குள்ளேயே துருவேறி இறுகியிருந்தது. துருப்பிடிக்காத எஃகு வயர் போட்டார். புது வயர் கொஞ்ச நாள் இழுபடும், தளர்ந்தால் பிரேக்கிலும் கியரிலும் இருக்கிற திருகைக் கையால் திருகிக்கொள்ளலாம் என்று காட்டிக்கொடுத்தார்.

"இருவத்தொண்ணுல எத்தன கியரு உபயோகிக்கிறிய?"

லிஜா யோசித்தார். "மேட்டுக்கு ஒண்ணு, சமத்துக்கு ஒண்ணு. காத்து எதுக்க அடிச்சா இடையில ஒண்ணு."

"மிச்சம் பதினெட்ட எதுக்குச் சுமக்கிறிய?"

முன்கியரை மாற்றும் பாகத்தையும் அதன் வயரையும் கழற்றிவிட்டு, செயினை முன்னால் இருந்த சிறிய பல்சக்கரத்தில் நிரந்தரமாக விட்டார். கெட்டுப்போக ஒரு பொருள் குறைந்தது. டயரைப் பற்றிப் பேச்சு கொஞ்சம் நீண்டது. கட்டை கட்டையாக இருந்த மலை டயர் தார்ச்சாலையில் இரைந்துகொண்டு ஓடியது, மிதிக்கக் கனமாகவும் இருந்தது. ஆனால் பாறவிளையின் மறுபக்க இறக்கம் முழுக்கச் சரளைக்கல் கலந்த சரல் மண். கட்டை இல்லாத டயர் அங்கே வழுக்கும். நடுவில் வழவழப்பாகவும் ஓரங்களில் கட்டையாகவும் இருந்த ஒரு ஜோடியை லிஜா தேர்ந்தெடுத்தார். சத்தியநேசன் கைப்பிடியை அழுத்திப் பார்த்தார். ஷாக் அப்சர்பர் அசையவில்லை.

"இது செத்துப் போச்சு. இருந்துட்டுப் போகட்டும், ஓட்டத்துக்கு ஒரு தடையும் இல்ல."

கடைசியாகச் சக்கரங்களைச் சுழற்றிப் பிரேக் பிடித்தார். இரண்டும் சட்டென்று நின்றன. "இது நல்லா இருக்கு. கடக்கரை மணலுக்கு டிஸ்க்தான் நல்லது, ரிம் தேயாது. ஒரே காரியம், எண்ணெ படப்பிடாது. ஒரு துளி பட்டாலும் பின்ன பிடிக்காது."

"செரி," என்றார் லிஜா.

தினமும் மீன் விற்று முடித்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், துடைக்க வேண்டும், காய்ந்தபிறகு செயினின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் விட்டு, மேலே இருப்பதைத் துணியால் எடுத்துவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் கூடாது, பிசினாகிவிடும். கிரீஸ் கூடாது, மணல் ஒட்டும். இதையெல்லாம் லிஜா அன்று மாலை கணவர் மரியஜானிடம் சொன்னார்.

மரியஜான் படகு எஞ்சின் மெக்கானிக். வள்ளங்களின் பின்னால் மாட்டுகிற வெளிப்புற எஞ்சின்களைப் பழுது பார்ப்பவர். பதினான்கு வருடத்தில் அவர் பார்த்துக்கொண்ட ஒரு எஞ்சினும் துருவேறி இறுகியதில்லை. ஞாயிறு கடலுக்குப் போகக்கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. அதனால் சனிக்கிழமை பிற்பகல் எஞ்சின்கள் எல்லாம் கரைக்கு வரும். மரியஜான் அவற்றை நல்ல தண்ணீரில் கழுவி, வெளியே தெரிகிற இரும்பு அத்தனையிலும் விரலால் கிரீஸ் பூசி வைப்பார். திங்கள் விடியும்வரை உப்புக் காற்று இரும்பைத் தொடாது.

"ஒரு துளி எண்ணெயா?" என்றார் அவர். "கடக்கரையில ஒரு துளி எந்த மூலைக்கு? ஒரு கை கிரீஸ் எடுத்து அப்பினா ஆறு மாசத்துக்குத் திரும்பிப் பாக்கண்டாம்."

"செயினுல கிரீஸ் போடப்பிடாதுண்ணு அந்தத் தம்பி பறஞ்சான்."

"அவன் மார்த்தாண்டத்துக்காரன். அவனுக்குக் கடலப் பத்தி என்ன தெரியும்?"

"உங்களுக்குச் சைக்கிளப் பத்தி என்ன தெரியும்?"

"இரும்பு தெரியும்."

"செயினத் தொடப்பிடாது. பறஞ்சிட்டேன்."

செயின், பல், வயர், டயர், குழாய் எல்லாவற்றையும் லிஜா சொன்னார். பிரேக்கைப் பற்றிச் சொல்லவில்லை. பிரேக் கெட்டுப்போகவில்லை, மாற்றவும் இல்லை. அதனால் அது பேச்சில் வரவில்லை.

அடுத்த மூன்று வாரம் லிஜா ஒரு நாளும் பத்து மணியைத் தாண்டவில்லை. ஒன்பதே முப்பத்தைந்து, ஒன்பது நாற்பது, மழை பெய்த ஒரு வியாழக்கிழமை ஒன்பது ஐம்பத்தொன்று. தலைமையாசிரியர் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சைக்கிள் முற்றத்துக்குள் வரும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சத்தமாகச் சொல்வார். நாற்பது வருடம் பள்ளிக்கூட மணியைப் பார்த்துக்கொண்டவர். செல்வதாஸ் அநேகமாக ஒன்பது ஐம்பதுக்கு வந்து, ரோட்டோரமாக மொபெட்டை நிறுத்தி, ஒரு தடவை ஹாரன் அடிப்பார். கேட் திறக்காததைப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போவார்.

ஆகஸ்ட் 25, சனிக்கிழமை லிஜாவின் சித்தி மகளுக்கு மணவாளக்குறிச்சியில் நிச்சயதார்த்தம். மீன் விற்று முடித்து வீட்டுக்கு வந்தவர், குளித்துப் புடவை மாற்றிக்கொண்டு ஒன்றரை மணி பஸ்ஸுக்கு ஓடினார். போகும்போது, "இஞ்ச பாருங்க, சைக்கிளக் கொஞ்சம் கழுவி வையுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று கரைக்கு வந்த எஞ்சின்கள் ஏழு. மரியஜான் ஏழு எஞ்சின்களுக்கும் செய்ததை எட்டாவதாகச் சைக்கிளுக்கும் செய்தார். முதலில் நல்ல தண்ணீரில் கழுவினார். துணியால் துடைத்து நிழலில் காயவைத்தார். செயினில் கிரீஸ் கூடாது என்று லிஜா சொன்னது அவருக்கு நினைவிருந்தது. செயினைத் தொடவில்லை. மற்ற எல்லாவற்றிலும் போட்டார். நட்டு, போல்ட், போக்ஸ் கம்பியின் முனைகள், பெடல், கேரியரின் வெல்டிங் பற்றுகள். இரண்டு சக்கரத்திலும் இருந்த டிஸ்க் தகடுகள் பெயின்ட் இல்லாமல் பளபளவென்று இருந்தன. பெயின்ட் இல்லாத இரும்புதான் முதலில் போகும் என்பது அவர் அனுபவம். அவற்றுக்கு இரண்டு பக்கமும் இரண்டு தடவை பூசினார்.

ஞாயிறு சைக்கிள் கட்டிலின் பக்கத்தில் நின்றது.

திங்கட்கிழமை கடல் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தது. வள்ளங்கள் தாமதமாகக் கரையேறின. ஏலம் முடிந்து லிஜா கிளம்பும்போது ஏழே முக்கால் ஆகிவிட்டது. முதல் வீட்டு வாசலில் பிரேக் பிடித்தார். சைக்கிள் நிற்காமல் அடுத்த வீட்டு வாசல்வரை போனது. புது வயர் இழுபட்டிருக்கும் என்று நினைத்துத் திருகைத் திருகினார். கொஞ்சம் பிடித்தது போலிருந்தது. புதுக்கடை சந்திப்பில் ஒரு பஸ் குறுக்கே வந்தபோது செருப்பைத் தரையில் தேய்த்து நிறுத்தினார். மறுபடி திருகினார். முப்பதாவது வீடு முடிவதற்குள் திருக இடமில்லாமல் திருகு முனைக்கு வந்துவிட்டது.

பாறவிளை ஏற்றத்தின் உச்சியை அடைந்தபோது ஒன்பது ஐம்பத்திரண்டு. கீழே சரல் இறக்கம் முந்நூறு மீட்டர். இறங்கி, பதினைந்து கிலோ மீனோடு சைக்கிளைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தால் பத்து நிமிடம் ஆகும். பத்து நிமிடம் அவரிடம் இல்லை. மாதம் முடிய இன்னும் நான்கு நாள் இருந்தது. லிஜா இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலையும் தரையில் ஊன்றியபடி இறங்கத் தொடங்கினார்.

முதல் ஐம்பது மீட்டர் கால்கள் நிறுத்தின. பிறகு இடது செருப்பு போனது.

இறக்கத்தின் முடிவில் வலப்பக்கம் வளைவு. இடப்பக்கம் ரப்பர் தோட்டத்தின் கருங்கல் மதில். நேர் எதிரே சொர்ணம்மாளின் மரச்சீனி விளை, அதாவது மரவள்ளித் தோட்டம், அதற்கு வேலி கிடையாது. வளைவில் திரும்ப முடியாது என்று தெரிந்ததும் லிஜா கைப்பிடியை நேராக வைத்துக்கொண்டார். மதிலைவிட மரச்சீனி நல்லது என்று அந்த நேரத்தில் தோன்றியதாகப் பிறகு சொன்னார்.

முன்சக்கரம் நான்காவது மண்மேட்டு வரிசையில் புதைந்தது. லிஜா ஐந்தாவதில் விழுந்தார். மீன்பெட்டி கேரியரிலிருந்து கழன்று, அவரைத் தாண்டிப் போய், சொர்ணம்மாள் வீட்டுப் பின்முற்றத்தில் துணி துவைக்கிற கல்லின் பக்கத்தில் இறங்கியது. மூடி திறந்தது. சாளை முற்றத்தில் பரவியது. குழாய் மட்டும் மட்கார்டில் கட்டினபடியே இருந்தது.

பின்கதவைத் திறந்துகொண்டு சொர்ணம்மாள் கையில் அகப்பையோடு வந்தார். அவருக்குப் பின்னால் தலைமையாசிரியர். அவர் முற்றத்தைப் பார்த்தார், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒன்பது ஐம்பத்து மூன்று," என்றார்.

லிஜா எழுந்து நின்றார். முழங்கையில் தோல் போயிருந்தது. வேறு அடி இல்லை. அந்த நேரம் முன்பக்கம் ஹாரன் கேட்டது. மொபெட்டை நிறுத்திவிட்டு, சத்தம் கேட்ட பக்கமாக செல்வதாஸ் வீட்டைச் சுற்றி வந்தார்.

"அய்யோ பாவம், விழுந்திட்டியா?" என்றவர், சொர்ணம்மாளிடம் திரும்பினார். "இது எப்படி அம்மா கணக்காவும்? வண்டி விளையில கெடக்கு, ஆளு சேத்துல நிக்கா, மீனு மண்ணுல கெடக்கு."

"நான் மீனு எப்ப வரணும்ணுதான் பறஞ்சேன்," என்றார் சொர்ணம்மாள். "எப்படி வரணும்ணு பறயல்ல."

"மண்ணாயிப் போச்சேம்மா."

"உனக்க மீன நாங்க கழுவாமலா தின்னோம்?"

செல்வதாஸ் கிளம்பினார். சொர்ணம்மாள் விளைக்குள் இறங்கிச் சேதத்தைப் பார்த்தார். மூன்று செடி மரச்சீனி ஒடிந்திருந்தது. கிழங்கு முற்ற இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஒடிந்ததைப் பிடுங்கி லிஜாவிடம் ஒரு செடியின் கிழங்கைக் கொடுத்தார், இரண்டைத் தாம் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கும் பத்துதான், கேட்டியா?" என்றார். "இன்னும் நாலு நாளு கெடக்கு."

அன்று பிற்பகல் லிஜாவும் மரியஜானும் சைக்கிளோடு மார்த்தாண்டத்துக்குப் போனார்கள். முன்சக்கரம் எட்டு வடிவத்தில் வளைந்திருந்தது. மரியஜான் ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். தம் கிரீஸ் பூச்சு இவ்வளவு மண்ணிலும் கலையாமல் இருப்பதை வழியில் ஒருமுறை சுட்டிக்காட்டினார்.

சத்தியநேசன் டிஸ்க் தகட்டில் விரலை வைத்தார். விரலை முகர்ந்தார்.

"இதாரு செஞ்சது?"

"நான்தான்," என்றார் மரியஜான். "செயினுல தொடல்ல. கேட்டுப் பாரு."

"அண்ணே, நீங்க பிரேக்குக்குக் கிரீஸ் போட்டிருக்கிய."

"எல்லாத்துக்கும்தான் போட்டேன்."

"இந்தத் தகட்டக் கட்டை ரெண்டு பக்கமும் பிடிச்சாத்தான் வண்டி நிக்கும். வழுக்கினா எப்படிப் பிடிக்கும்? உங்க எஞ்சினுல பிரேக்குக்கும் இப்படித்தான் போடுவியளா?"

"கடலுல எதுக்குலே பிரேக்கு?" என்றார் மரியஜான்.

சத்தியநேசனின் கையில் வேலை நின்றது.

"ஏழு எஞ்சினு வச்சிருக்கிய," என்றார் லிஜா கணவரிடம். "ஒண்ணையாவது நான் தொட்டிருக்கேனா?"

"இது துருப்பிடிக்கும்ணுல்லா செஞ்சேன்."

"துருப்பிடிக்கல்ல. நல்லா இருக்கு. நான்தான் விளையில கெடந்தேன்."

தகடுகளை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாம், ஆனால் பிரேக் கட்டைகள் கிரீஸைக் குடித்துவிட்டன, அவை தேறாது என்றார் சத்தியநேசன். கடையில் டிஸ்க் கட்டை ஒரு ஜோடிதான் இருந்தது. நாகர்கோவிலிலிருந்து வர வியாழன் ஆகும். லிஜாவுக்குச் செவ்வாய்க்கிழமை காலை சைக்கிள் வேண்டும். இருக்கிற ஜோடியை எந்தச் சக்கரத்துக்குப் போடுவது, மற்றதற்கு என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

"பின்சக்கரத்துக்கு ரிம்மைப் பிடிக்கிற ரப்பர் கட்டை பிரேக் போடலாம்," என்றார் சத்தியநேசன். "ஃபிரேமுல அதுக்கு இடம் உண்டு. மணலுக்கு ரிம் தேயும். ரெண்டு வருசத்துல ரிம் மாத்த வேண்டி வரும்."

"அதுல கிரீஸ் பட்டா?"

"அதும் பிடிக்காது. ஆனா ரப்பர் கட்டையப் பாத்தா யாருக்கும் கிரீஸ் போடத் தோணாது."

"அது போதும்," என்றார் லிஜா.

முன்சக்கரத்துக்கு டிஸ்க், பின்சக்கரத்துக்கு ரப்பர் கட்டை என்று முடிவானது. சத்தியநேசன் கோட்டம் எடுக்க உட்கார்ந்தார். போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தியும் இறுக்கியும் சக்கரத்தை வட்டத்துக்குக் கொண்டுவர ஒன்றரை மணி நேரம் ஆனது. கம்பிகளின் முனைகள் சுலபமாகத் திரும்பின. அங்கே பூசிய கிரீஸ் நல்லதுதான் என்று அவர் ஒப்புக்கொண்டார். மரியஜான் லிஜாவைப் பார்த்தார். லிஜா வெளியே சந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை லிஜா உச்சியில் சைக்கிளை நிறுத்தி, இரண்டு பிரேக்கையும் நின்ற இடத்திலேயே நான்கு தடவை சோதித்துவிட்டு இறங்கினார். ஒன்பது நாற்பத்தாறு. புதன் திருவோணம், பதினொரு வீட்டில் நான்கு வீட்டார் மீன் வாங்கவில்லை. ஆனாலும் நேரம் பார்க்கப்பட்டது, ஒன்பது முப்பத்தெட்டு. வியாழன் ஒன்பது நாற்பது. வெள்ளிக்கிழமை காலை புதுக்கடையில் பின்டயர் பஞ்சர். சரிசெய்து முடித்துப் பாறவிளைக்குள் நுழைந்தபோது வராந்தாவில் தலைமையாசிரியர் எழுந்து நின்றிருந்தார்.

"ஒன்பது ஐம்பத்தொன்பது," என்றார்.

சொர்ணம்மாள் கேட்டைத் திறந்தார்.

செப்டம்பர் முதல் தேதியிலிருந்து பாறவிளையின் பதினொரு வீடுகளில் ஒன்பது வீடுகள் லிஜாவிடம் மீன் வாங்கின. மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் செல்வதாஸின் மனைவி வழியில் சொந்தம். அவர்கள் மட்டும் சொர்ணம்மாள் வீட்டுக் கேட் சத்தத்துக்குக் காத்திருக்காமல் செல்வதாஸிடம் வாங்கினார்கள்.